வௌவால் கீறினால் ஊசி போட வேண்டுமா? ஆஸ்திரேலியாவில்தான் ரேபிஸ் இல்லையே!

கேள்வி: டிசம்பர் 13, இரவு 9.20

பிரிஸ்பேனுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. வாடகை வீட்டின் பின்னால் ஒரு மாமரம். காய் பிடித்ததும் கடையில் வலை வாங்கிப் போர்த்தினேன். இன்று காலை அதில் ஒரு பெரிய வௌவால் சிக்கித் துடித்துக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தது, கையாலேயே பிரித்து விட்டேன், பறந்து போய்விட்டது. மணிக்கட்டில் அதன் நகம் பட்டு ஒரு சின்னக் கீறல், லேசாக ரத்தம் கசிந்தது, அவ்வளவுதான். ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி மனைவி காலையிலிருந்து நச்சரிக்கிறாள். இந்த நாட்டில் ரேபிஸே கிடையாது, நாய் கடித்தால்கூட ரேபிஸ் ஊசி போடுவதில்லை என்கிறார்கள். இந்தக் கீறலுக்காக எமர்ஜென்சியில் போய் உட்கார வேண்டுமா?

பதில்: டிசம்பர் 13, இரவு 9.40

உட்கார வேண்டும் தம்பி. முதலில் எழுந்து குழாயடிக்குப் போங்கள். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் கழுவுங்கள். காலையில் பட்டதாயிற்றே என்று விடாதீர்கள், இப்போது கழுவினாலும் நல்லதுதான். பொவிடோன் அயோடின் இருந்தால் தடவுங்கள். பிறகு 13 43 25 84, குயின்ஸ்லாந்து சுகாதாரத் துறையின் ஆலோசனை எண். "வௌவால் கீறியது, ரத்தம் வந்தது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

டிசம்பர் 13, இரவு 10.30

அவர் கிளம்பிவிட்டார். மற்றவர்களுக்காக எழுதி வைக்கிறேன், ஒவ்வொரு மாம்பழ சீசனிலும் இதே கேள்வி வருகிறது.

ஆஸ்திரேலியாவில் நாய்களிடம் ரேபிஸ் இல்லை. அது உண்மை. ஆனால் ரேபிஸ் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று இங்கே வௌவால்களில் இருக்கிறது, ஆஸ்திரேலிய வௌவால் லிஸ்ஸா வைரஸ். 1996-இல் நியூ சவுத் வேல்ஸின் பாலினா என்ற ஊரில், பறக்க முடியாமல் கிடந்த ஒரு கருப்புப் பழந்தின்னி வௌவாலில் கண்டுபிடித்தார்கள். அப்போது தேடிக்கொண்டிருந்தது இதை அல்ல. 1994-இல் பிரிஸ்பேனின் ஹெண்ட்ரா பகுதியில் குதிரைகளும் அவற்றின் பயிற்சியாளரும் இறந்தார்கள் இல்லையா, அந்த ஹெண்ட்ரா வைரஸ் எந்த விலங்கிலிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் வௌவால்களைச் சோதித்தார்கள். தேடப் போனதால் இது கிடைத்தது. தேடியிருக்காவிட்டால் இந்த நாடு இன்னும் எத்தனை வருடம் "எங்களிடம் அந்தக் குடும்பமே இல்லை" என்று நம்பிக்கொண்டிருக்குமோ தெரியாது.

அதே 1996 நவம்பரில் ராக்ஹாம்டனில் வௌவால்களைப் பராமரித்த ஒரு பெண் இறந்தார். அவருக்குத் தொற்றியது பூச்சி தின்னும் சின்ன வௌவாலிடமிருந்து. நோய் வந்தால் தெரியும் அறிகுறி ரேபிஸுக்கு உள்ளதேதான், முடிவும் அதேதான். இதுவரை இந்த வைரஸால் நோய்வாய்ப்பட்ட மனிதர் எவரும் பிழைக்கவில்லை. நோய் வருமுன் போட்டால் ரேபிஸ் தடுப்பூசி இதற்கும் வேலை செய்யும், இரண்டும் அவ்வளவு நெருக்கம். ஊசிக்கும் மரணத்துக்கும் நடுவில் வேறு மருந்து கிடையாது, அதனால்தான் ராத்திரியென்றும் பாராமல் அவரை விரட்டினேன்.

டிசம்பர் 14

ஊசி போட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். கீறலைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே எதிர்க்கும் மருந்து), மணிக்கட்டில் சதை எங்கே இருக்கிறது, வலி உயிர் போயிற்றாம். கையில் தடுப்பூசியின் முதல் தவணை. இனி 3, 7, 14 ஆகிய நாள்களில் மிச்சம். ஒன்றையும் தவற விடாதீர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பாதி கிளினிக்குகள் மூடியிருக்கும், 14-ஆம் நாள் டிசம்பர் 27-இல் விழுகிறது. எங்கே போய்ப் போடுவது என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"வௌவால் எங்கே?" என்று டாக்டர் கேட்டாராம், ஏன் என்று கேட்கிறார். அந்த வௌவால் கையில் இருந்தால் சோதித்திருப்பார்கள். வைரஸ் இல்லையென்று வந்தால் ஊசியைப் பாதியில் நிறுத்திவிடலாம். பறந்து போய்விட்டதால் முழுத் தவணையும் போட்டே ஆக வேண்டும்.

டிசம்பர் 14, மாலை

"அப்போ அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டுமா?" கூடவே கூடாது. பிடிக்கப் போனால் இரண்டாவது கடி வாங்குவீர்கள்.

சோதனை என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது, அதைச் சொல்லியாக வேண்டும். இந்த வைரஸ் ரத்தத்தில் சுற்றாது. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு ஏறி, அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு இறங்கும். உமிழ்நீரில் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. ஆகவே உயிரோடு இருக்கும் வௌவாலின் வாயைத் துடைத்துப் பார்த்து "இல்லை" என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூளையைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அதாவது வௌவாலைக் கொல்ல வேண்டும்.

நான் வன உயிர் மீட்புக் குழு ஒன்றில் தன்னார்வலர். முன்கூட்டியே மூன்று தவணை ஊசி போட்டு, ரத்தத்தில் எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடம்பு உருவாக்குவது) போதுமான அளவு இருக்கிறதா என்று அவ்வப்போது சோதித்துக்கொண்டுதான் வௌவால்களைத் தொடுகிறோம். நாங்கள் போய்ச் சேரும்போது வீட்டுக்காரர் வெறுங்கையால் தொட்டு, ஒரு பல் பட்டிருந்தாலும், நல்ல ஆரோக்கியமான வௌவாலாக இருந்தாலும், அதைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். குட்டியை நெஞ்சில் ஒட்டவைத்துக்கொண்டிருந்த ஒரு தாயை அப்படி அனுப்பியிருக்கிறோம். கூப்பிட்டவர்கள் அன்பானவர்கள், ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறார்கள். விரலில் ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளி அவர்களுக்கு நாலு ஊசி, அந்தத் தாய்க்கு மரணம்.

தொடாதீர்கள் என்று நான் சொல்வதில் பாதி உங்களுக்காக, பாதி அதற்காக.

டிசம்பர் 15

அந்த வலையைப் பற்றி. "பறந்து போய்விட்டது" என்று நிம்மதிப்பட்டிருக்கிறீர்கள். வலையின் நைலான் இழை இறக்கை எலும்பைச் சுற்றி இறுகியிருந்தால் ரத்த ஓட்டம் நின்றிருக்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து அந்த இடத்துச் சவ்வு கறுத்து, உலர்ந்து, ஓட்டை விழும். அதனால்தான் நாங்கள் வலையை மரத்திலேயே பிரித்தெடுக்க மாட்டோம். தலையில் ஒரு தடித்த துண்டைப் போட்டு, அதைக் கடிக்க விட்டு, சுற்றியுள்ள வலையைக் கத்தரியால் வெட்டி, வலைத் துண்டோடு சேர்த்துக் கொண்டுபோவோம். கட்டைவிரல் நகம் கொக்கி போல வளைந்திருக்கும், எதில் பட்டாலும் மாட்டிக்கொள்ளும். உங்கள் மணிக்கட்டைக் கீறியது அதுதான். அந்த நகத்தை அது நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும், ஆகவே கீறல்தானே, கடியில்லையே என்ற கணக்கு இங்கே செல்லாது.

வலை வாங்கும்போது கண்ணிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். நுழைந்தால் வாங்காதீர்கள். விக்டோரியா மாநிலத்தில் 2021-இலிருந்து 5 மில்லிமீட்டருக்கு மேல் கண்ணி உள்ள வலையை வீட்டுப் பழமரத்துக்குப் போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

டிசம்பர் 16

ஒருவர் பெரிய எழுத்தில் கேட்டிருக்கிறார்: இவ்வளவு ஆபத்தான பிராணியை ஊருக்கு நடுவில் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள், மரத்தை வெட்டி விரட்ட வேண்டியதுதானே?

மரத்தில் தொங்குகிற வௌவாலால் உங்களுக்கு லிஸ்ஸா வைரஸ் வராது. தலைக்கு மேல் பறப்பதால் வராது. எச்சத்தால், சிறுநீரால் வராது. கடி, கீறல், இல்லையென்றால் எச்சில் கண்ணிலோ வாயிலோ படுவது, இவ்வளவுதான் வழி. இண்டூரூபில்லி தீவில் ஆயிரக்கணக்கில் தொங்குகின்றன. பிரிஸ்பேன் ஆற்றங்கரையில் நடக்கிறவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.

விரட்டிப் பார்த்த ஊர்களும் உண்டு. மெல்பர்ன் தாவரவியல் பூங்காவில் 2003-இல், சிட்னியில் 2012-இல், பெரிய சத்தம் எழுப்பித்தான் கிளப்பினார்கள். இரண்டு இடத்திலும் காரணம் மரங்கள் பட்டுப்போனது, நோய் அல்ல. அதுவும் நிபுணர்கள், அனுமதி, பெரும் செலவு எல்லாம் சேர்ந்து செய்த வேலை. வௌவால்கள் மாயமாகிவிடவில்லை, வேறு இடத்தில் போய்த் தொங்கின. நீங்களாக அந்த மரத்தை வெட்டினால் சட்டப்படி குற்றம். அதோடு விரட்டப்பட்டு, பசியோடு, குட்டி தவறி விழுந்து, பள்ளிக்கூட மைதானத்தில் கிடக்கும் வௌவாலைத்தான் பிள்ளைகள் தொடுவார்கள். விரட்டினால் மனிதர் கை படும் வாய்ப்பு கூடுமே தவிரக் குறையாது.

யூகலிப்டஸ் காடுகளுக்கு மகரந்தம் சுமப்பவை இவை. அதைப் பற்றித் தனியாக ஓர் இழை போட்டுப் பேசலாம், நான் தயார்.

டிசம்பர் 17

கொடியில் காயும் துணியில் எச்சம்: துவைத்தால் போதும். பழத்தில் பாதி கடித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். நாய் வௌவாலைக் கவ்வினால் கால்நடை மருத்துவரிடம், அன்றே. இதற்கு மேல் கவலைப்பட வேண்டாம்.

டிசம்பர் 20

எத்தனை வௌவால்களிடம் இந்த வைரஸ் இருக்கிறது என்று எண்கள் கேட்டவருக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

காட்டில் திரிகிற வௌவால்களைப் பிடித்துப் பார்த்தால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே வைரஸ் இருக்கிறது. சோதனைக்கு வருகிற வௌவால்களில் அது பல மடங்கு அதிகம். ஒரு நண்பர் இரண்டாவது எண்ணைப் போட்டு "பாருங்கள், இவ்வளவு!" என்கிறார். இன்னொருவர் முதல் எண்ணைப் போட்டு "சும்மா பயமுறுத்துகிறீர்கள்" என்கிறார்.

சோதனைக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். விழுந்து கிடந்தது, வலிப்பு வந்தது, பகலில் தாழ்வான கிளையில் தனியாகத் தொங்கியது, நாய் கவ்வியது, மனிதரைக் கடித்தது. இவற்றைத்தான் அனுப்புகிறோம். வைல்ட்லைஃப் ஹெல்த் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு நாடு முழுவதும் வரும் முடிவுகளைத் திரட்டி வெளியிடுகிறது. அது வௌவால் கூட்டத்தின் கணக்கெடுப்பு அல்ல. மனிதரும் வௌவாலும் முட்டிக்கொண்ட இடங்களின் கணக்கு. ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அதுதான் சரியான கணக்கும்கூட. ஏனென்றால் உங்கள் கைக்கு எட்டும் வௌவால் சராசரி வௌவால் அல்ல. ஆரோக்கியமாக இருக்கும் வௌவாலை உங்களால் தொடவே முடியாது, வலையில் சிக்கினால் ஒழிய.

அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே வௌவாலிடம் இருப்பது அசல் ரேபிஸ் வைரஸே. சோதனைக்குக் கொடுக்கப்படும் வௌவால்களில் சுமார் 6 விழுக்காட்டில் இருக்கிறது. 2021-இல் அங்கே ரேபிஸால் இறந்தவர்கள் 5 பேர். அதில் இல்லினாய்ஸ்காரர் ஒருவர் தூக்கத்திலிருந்து விழித்தபோது கழுத்தில் வௌவால். பிடித்துச் சோதித்தார்கள், ரேபிஸ் இருந்தது, ஊசி போடச் சொன்னார்கள், அவர் மறுத்துவிட்டார். கண்காணிப்பு தன் வேலையை முழுசாகச் செய்தும் ஓர் உயிர் போயிற்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பிரிட்டனில் 1980-களிலிருந்து பொதுமக்கள் கொடுக்கும் செத்த வௌவால்களைச் சோதித்து வருகிறார்கள். அங்கே வேறு வகை லிஸ்ஸா வைரஸ். 2002-இல் ஸ்காட்லாந்தில் வௌவால்களோடு வேலை செய்த ஒருவர் அதனால் இறந்தார். அந்நாட்டுக்குள்ளேயே ஒருவருக்கு ரேபிஸ் தொற்றி நூறு வருடம் ஆகியிருந்தது.

டிசம்பர் 21

"முப்பது வருடத்தில் இறந்தது நாலு பேர்தானே" என்று ஒருவர். ஆமாம், நாலு பேர்தான். 1996, 1998, 2013, 2025. நான்கையும் தெரிந்துகொண்டு பேசுங்கள். முதலாமவரைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

1998-இல் இறந்தவர் மெக்காய் ஊர்க்காரர். ஒரு குழந்தையின் முதுகில் வந்து ஒட்டிய வௌவாலைப் பிரித்தெடுக்கும்போது விரலில் கடி வாங்கினார். நோய் வந்தது 27 மாதம் கழித்து. மாதங்கள் ஆகிவிட்டன, இனி என்ன என்று இருக்கக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. போன வருடம் கீறல் வாங்கிச் சும்மா இருந்தவர்கள் இதைப் படித்தால் நாளைக்கே டாக்டரிடம் போங்கள்.

2013-இல் இறந்தது எட்டு வயதுப் பையன். விடுமுறைக்குப் போன இடத்தில் கீறியிருக்கிறது, பெற்றோரிடம் சொல்லவில்லை. பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள், திட்டுவோம் என்று பயம். என் வீட்டில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன்: விலங்கு எது கடித்தாலும் கீறினாலும் வந்து சொன்னால் திட்டே கிடையாது. என் சின்னவள் பக்கத்து வீட்டுப் பூனை முறைத்ததைக்கூட வந்து புகார் செய்கிறாள். செய்யட்டும்.

2025 ஜூலையில் நியூ சவுத் வேல்ஸின் வடக்கில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர். சில மாதம் முன்பு கடி வாங்கியிருந்தார், சிகிச்சையும் எடுத்திருந்தார் என்று சுகாதாரத் துறை சொன்னது. ஊசியே பயனில்லை என்று இதை வைத்து ஒரு வாட்ஸாப் செய்தி சுற்றுகிறது. அப்படிப் பொருள் கொள்ள ஒரு காரணமும் இல்லை. உடனே கழுவி, இம்யூனோகுளோபுலினும் ஊசியும் முறைப்படி போட்டுக்கொண்டவர்கள் இந்நாட்டில் ஏராளம், நன்றாக இருக்கிறார்கள். அந்தச் செய்தியை அனுப்பியவருக்கு இந்த இழையை அனுப்புங்கள்.

நாலு என்பது சின்ன எண்ணாக இருப்பதே, வருடந்தோறும் நூற்றுக்கணக்கானோர் கீறல் பட்டதும் போய் ஊசி போட்டுக்கொள்வதால்தான்.

டிசம்பர் 28

இன்னொரு வாசகி எழுதியது மனதைச் சுடுகிறது. வௌவால் கடித்துச் சிகிச்சைக்குப் போனவரிடம் ஒரு கிளினிக்கில், இங்கே ரேபிஸ் இல்லை என்று சொல்லி டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். என் தோழிக்கும் ஓர் இடத்தில் இதேதான் நடந்தது. டாக்டர் கெட்டவர் இல்லை, அவர் வாழ்நாளில் ஒரு வௌவால் கடியைப் பார்த்திருக்க மாட்டார். அந்த மாதிரி நேரத்தில் வாதாட வேண்டாம். "பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். இம்யூனோகுளோபுலின் எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது, எப்படியும் அவர்கள் மூலமாகத்தான் வர வேண்டும். போன் போட்டால் அங்கிருப்பவர்களே மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள். தோழி அப்படித்தான் அன்றே ஊசி போட்டுக்கொண்டாள்.

ஜனவரி 7

வெயில் ஏறப் போகிறது என்கிறார்கள், அதனால் இதை மேலே கொண்டுவருகிறேன்.

வெப்பம் 42 டிகிரியைத் தாண்டினால் பழந்தின்னி வௌவால்கள் தாங்காது. முதலில் இறக்கையால் விசிறிக்கொள்ளும், பிறகு நிழல் தேடி அடிமரத்துக்கு இறங்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொள்ளும், மூச்சு வாங்கும், உடம்பை நக்கி ஈரமாக்கிக்கொள்ளும், அப்புறம் விழும். 2018 நவம்பரில் கெய்ன்ஸ் பக்கத்தில் இரண்டே நாளில் 23,000-க்கும் மேற்பட்ட கண்ணாடி வௌவால்கள் (கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டது போல இருக்கும் பழந்தின்னி இனம்) செத்தன. உலகில் அவை எஞ்சியிருப்பதே கொஞ்சம், அதில் ஒரு பெரும் பங்கு அந்த இரண்டு நாளில் போனது.

அப்படி ஒரு நாளில், வௌவால்கள் கூட்டமாகத் தங்கும் முகாமுக்குள் நின்றிருக்கிறேன். காலடியெல்லாம் வௌவால். செத்த தாயின் கக்கத்துக்கடியில் குட்டி உயிரோடு பால் குடித்துக்கொண்டிருக்கும். வேலிக்கு வெளியே ஜனங்கள் வாளித் தண்ணீரோடு வந்து நிற்பார்கள், கண்ணில் நீர், உள்ளே விடுங்கள் என்று கெஞ்சுவார்கள். அவர்களைத் தடுப்பது போலக் கஷ்டமான வேலை வேறில்லை. ஆனால் தடுக்கத்தான் வேண்டும். செத்தது போலக் கிடப்பது திடீரென்று கவ்வும். உதவ வேண்டுமா, மீட்புக் குழுவுக்குப் போன் செய்யுங்கள், விழுந்து கிடப்பதை ஓர் அட்டைப் பெட்டியால் தொடாமல் மூடி வையுங்கள், பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் அனுப்புங்கள்.

ஜனவரி 11

பேச்சு ஊர்ப் பக்கம் திரும்பிவிட்டது. "நம்ம ஊர் ஆலமரத்து வௌவாலுக்கும் இது உண்டா?"

2016-இல் இலங்கையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கண்டிப் பக்கத்துப் பழந்தின்னி வௌவால்களின் மூளையில் புதிய லிஸ்ஸா வைரஸ் ஒன்று கிடைத்தது, பேராதனையை ஒட்டிய கன்னொருவை என்ற ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்த வௌவால் இனமும் தஞ்சாவூர்ப் பக்கம் ஆலமரத்தில் தொங்கும் இனமும் ஒன்றேதான். இந்தியாவில் 1980-இல் சண்டிகரில் ஒரு பழந்தின்னி வௌவாலில் ரேபிஸ் கண்டதாக ஓர் அறிக்கை உண்டு. அண்மையில் நாகாலாந்தில் வௌவால்களைச் சோதித்தபோது மூளையில் வைரஸ் இல்லை, ஆனால் சிலவற்றின் உடம்பில் எதிர்ப்பொருள் இருந்தது. எதிர்ப்பொருள் இருந்தால் எப்போதோ வைரஸைச் சந்தித்துத் தப்பியிருக்கலாம் என்று பொருள், இப்போது பரப்புகிறது என்று பொருளல்ல.

அங்கே முதல் ஆபத்து நாய்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வௌவால்களை ஒழுங்காக, வருடந்தோறும் சோதிக்கும் ஏற்பாடு அங்கேயும் வேண்டும். ஆஸ்திரேலியா 1996 வரை இருந்த நம்பிக்கையில் நாமும் இருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் வௌவாலோடு நேரடித் தொடர்பையே மூன்றாம் வகையில், அதாவது கழுவல், ஊசி, இம்யூனோகுளோபுலின் மூன்றும் வேண்டிய வகையில்தான் வைத்திருக்கிறது.

இன்னொன்று. இழுப்புக்கு, அதாவது ஆஸ்துமாவுக்கு, வௌவால் கறி நல்லது என்று பிடித்துத் தின்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இழுப்பு அதனால் போகாது. உயிரோடு பிடித்து, கடி வாங்கி, அறுக்கும்போது மூளையிலும் எச்சிலிலும் கை வைக்கிறவர்கள் அவர்கள்தான். தெரிந்தவர் யாராவது அப்படிச் செய்தால் தயவுசெய்து சொல்லிப் பாருங்கள். வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் மரத்தடியில் நின்று பார்ப்பதோடு சரி, பக்கத்தில் போவதில்லை. எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஜனவரி 18

கேள்வி கேட்ட தம்பி நாலு தவணையும் முடித்துவிட்டார். ஏப்ரலில் மதுரைக்குப் போகிறாராம், அங்கே நாய் கடித்தால் மறுபடி எல்லாம் முதலிலிருந்தா என்கிறார்.

இல்லை. முழுத் தவணை முடித்தவருக்கு மறுபடி கடி பட்டால் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை, 0, 3 ஆகிய இரண்டு நாள்களில் தடுப்பூசி போட்டால் போதும். கழுவுவது மட்டும் எப்போதும் போல 15 நிமிடம். போட்ட தேதிகளும் மருந்தின் பெயரும் உள்ள அட்டையைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், அச்சுப் பிரதி ஒன்று பாஸ்போர்ட்டோடு இருக்கட்டும். அங்கே உள்ள டாக்டர் அதைக் கேட்பார். மனைவிக்கும் பிள்ளைக்கும் ஊசி போடவில்லை அல்லவா, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள், முன்தடுப்புத் தவணைகளுக்கு அவ்வளவு அவகாசம் வேண்டும்.